எலும்பு திரும்ப வேண்டும்

டிசம்பர் இருபத்தேழு. டுலூத்தில்
நாலரைக்கெல்லாம் தெருவிளக்கு எரிகிறது.
பிள்ளைகளை இறக்கிவிட்டு
கண்ணாடியைக்கூட இறக்காமல் போய்விட்டாள் இங்கெர்.
மாரன் தோளில் பை.
டோபின் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருப்பது
வெள்ளித்தாள் சுற்றிய பாதி ஹாம்,
யாரிடமோ பறித்துக்கொண்டு வந்த பந்துபோல.

பண்டிகை அங்கே நடந்தது.
எனக்கு வருவது மிச்சம்.
நீதிபதி எழுதிய ஏற்பாடு அப்படி:
ஓராண்டு விட்டு ஓராண்டு
மரமும் மெழுகுவர்த்தியும் அவளுக்கு,
இருபத்தேழு மாலை ஐந்திலிருந்து எனக்கு.

வெள்ளித்தாளின் மேல்
கறுப்பு மார்க்கரில் அவள் கையெழுத்து:

முந்நூற்று இருபத்தைந்துக்கு மேல் போகாதே.
வெட்டிய பக்கம் கீழே.
தட்டில் ஒரு கோப்பை ஏதாவது ஊற்று.
இறுக்கி மூடு.
திறந்து திறந்து பார்க்காதே, வெண்டல்.
இது ஏற்கெனவே வெந்தது.
வெந்ததை மறுபடி வேகவைக்காதே.

கடைசி இரண்டு வரியை
கோட்டுகூடக் கழற்றாமல் மூன்று முறை படித்தேன்.
சமையல் குறிப்புதான்.
வேறொன்றுமில்லை, சமையல் குறிப்புதான்.

ஊரெல்லாம் வீடுகளுக்குக்
கொதிகலன் பழுதுபார்க்கிறவன் நான்.
மைனஸ் இருபதிலும் நள்ளிரவில் கூப்பிடுவார்கள்.
சூடு தெரியும் உனக்கு,
ஈரம் தெரியாது என்றாள் ஒருநாள்,
கோர்ட் வாசலில், கையுறையைத் தேடிக்கொண்டே.
போன ஈஸ்டருக்கு நான் சுடவைத்ததைப் பார்த்தவர்கள்
அதை மறுக்க மாட்டார்கள்.
நானூறு டிகிரி, மூடி கிடையாது.
அப்பா, இதை மெல்ல இன்னும் ரெண்டு பல் வேணும் என்றான் டோபின்.
மாரன் ஒன்றும் சொல்லவில்லை.
கெட்சப் புட்டியை எடுத்து
தட்டு முழுக்க மூழ்கடித்துவிட்டுச் சாப்பிட்டாள்.
அதுதான் வலித்தது.

ஏதாவது ஊற்று. எதை?
ஃபிரிட்ஜில் கடுகு, பால், பாதி பீர்.
போன் செய்தேன்.
தண்ணீர் போதுமா?
ஆப்பிள் ஜூஸ் இருக்கா?
டோபினோடது இருக்கு, ஸ்ட்ரா ஒட்டின டப்பா.
ரெண்டு டப்பா ஊத்து. வேற என்ன?
வேற ஒண்ணுமில்ல.
அவள் பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.
பேசுகிறவள் அவள்.
கழுவுகிறவர் யாரென்று நான் கேட்கவில்லை.

நாலு பவுண்டு. ஐம்பது நிமிடம்.
மாரன் அடுப்பின் முன்னால்
நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்,
கையில் மரக்கரண்டி.
பத்தாம் நிமிடம் எழுந்தேன்: உட்காருங்கப்பா.
இருபதாம் நிமிடம்: அப்பா.
முப்பதாம் நிமிடம் அவள் பேசவே இல்லை,
கரண்டியால் தரையில் ஒரு தட்டு தட்டினாள்.
மூடிய தாளுக்குள் ஏதோ
மெதுவாகத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.
என் வேலையில் அப்படிச் சத்தம் வந்தால்
உடனே பிரித்துப் பார்த்தாக வேண்டும்.
பிரிக்காமல் இருந்தேன்.

மணி அடித்தது. கம்பியைக் குத்தினேன்,
நடுவில் நூற்று நாற்பது.
தாளை விலக்க, ஆவி வந்து
என் கண்ணாடியை வெள்ளையாக்கியது.
ஒன்றும் தெரியாமல் கொஞ்ச நேரம்
அப்படியே நின்றேன், கிராம்பு வாசனைக்குள்.

துண்டு வளைந்தது. உடையவில்லை.
கெட்சப் புட்டி மூடியோடு நின்றது.
டோபின் மூன்றாவது துண்டுக்குத் தட்டை நீட்டியபடி
ஹாக்கி பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான்.

அவள் சுற்றியனுப்பிய தாளைக் கசக்கப் போனபோதுதான்
அடிப்பக்கத்தில் இன்னொரு வரி:
எலும்பு எனக்குத் திரும்ப வேண்டும். ஞாயிறு, பட்டாணி சூப்.

கசங்கிய மூலைகளை நீவிவிட்டேன்.
மீதியை எலும்பிலிருந்து அரிந்தெடுத்தேன்,
எடுக்க வேண்டிய அளவு எடுக்காமல்.
இன்னும் நிறைய கறி இருக்கேப்பா என்றாள் மாரன்.
கத்தி மழுங்கிப்போச்சு என்றேன்.

காலையில்தான் சாணை பிடித்திருந்தேன்.